தொலைபேசி அழைப்பும் வீடுதேடிச் சந்திப்பும் (விற்பனை)

தொலைபேசி அழைப்பு, வீடுதேடிச் சந்திப்பு ஆகியவை விற்பனை முகவர்கள் வாய்ப்புள்ள வாடிக்கையாளர்களை முதன்முறையாகத் தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் இரு முதன்மையான வழிமுறைகள் ஆகும். காப்பீடு, வங்கிக் கடன், கடன் அட்டை, சிறுசேமிப்பு, வீட்டுமனை, வீட்டு உபயோகப் பொருட்கள் போன்றவற்றின் விற்பனையில் இவ்விரண்டும் பரவலாகக் கையாளப்படுகின்றன. முதலாவது முறை குறைந்த நேரத்தில் பலரை அடைய உதவுகிறது. இரண்டாவது முறை சிலரை மட்டுமே அடைந்தாலும் நம்பிக்கையை உருவாக்குவதில் வலுவானது. இந்தியாவில் 2007 ஆம் ஆண்டிலிருந்து வெளியான விதிமுறைகள், இவ்விரு முறைகளுக்கும் வாடிக்கையாளரின் முன் இசைவைப் படிப்படியாக அடிப்படை நிபந்தனையாக ஆக்கியுள்ளன.

சொல் விளக்கம்

ஒரு பொருளையோ சேவையையோ வாங்கக்கூடும் எனக் கருதப்படுபவர் வாய்ப்புள்ள வாடிக்கையாளர் எனப்படுகிறார். முகவர்களின் பேச்சு வழக்கில் இவரது பெயரும் தொடர்பு விபரமும் "லீடு" எனப்படும். இத்தகைய விபரங்கள் பெரும்பாலும் பின்வரும் வழிகளில் கிடைக்கின்றன:

- ஏற்கனவே வாடிக்கையாளராக உள்ளவரின் பரிந்துரை
- உறவினர், நண்பர், அண்டை வீட்டார் வட்டம்
- வாடிக்கையாளர் தாமே கேட்டு எழுதிய விண்ணப்பம் அல்லது விசாரணை
- நிறுவனம் முகவருக்கு வழங்கும் பட்டியல்

முன் அறிமுகம் ஏதுமின்றி ஒருவரை அழைப்பதும், அவரது வீட்டுக் கதவைத் தட்டுவதும் "முன்னறிமுகமற்ற தொடர்பு" என வகைப்படுத்தப்படும். இக்கட்டுரையில் கூறப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்வகைத் தொடர்பிலேயே எழுகின்றன.

வரலாறு

இந்தியாவில் வீடுதேடிச் சந்திப்பே மூத்த முறை ஆகும். 1956 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று, 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றிணைத்து இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி) தொடங்கப்பட்டது. அதன் வளர்ச்சி முகவர்களையே பெரிதும் சார்ந்திருந்தது. 2023 ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் அக்கழகத்தில் 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட முகவர்கள் இருந்தனர். 1972 இல் தொடங்கப்பட்ட மகளிர் முகவர் திட்டத்தின் கீழ், பெண் முகவர்கள் வீடு வீடாகச் சென்று அஞ்சலகத் தொடர் வைப்புக்கான தொகையைத் திரட்டினர். 1982 இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் தூசியுறிஞ்சியையும், பின்னர் நீர் சுத்திகரிப்பானையும் வீட்டுக்குள்ளேயே இயக்கிக் காட்டி விற்றது. இந்திய நகரங்களில் நேரடி விற்பனையாளர் என்றாலே நினைவுக்கு வரும் நிறுவனமாக அது விளங்கியது.

தொலைபேசி விற்பனை செல்பேசியின் பரவலோடு பெருகியது. இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு ஜூலை 31, 1995 அன்று நிகழ்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டு மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகள் கட்டணமற்றவையாயின. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் முகவர்கள் மூலம் பெருமளவில் அழைக்கத் தொடங்கியபோது, தேவையற்ற அழைப்பு குறித்த முறைப்பாடுகளும் பெருகின. இதன் விளைவாக 2007 இல் தேசிய அழைக்க வேண்டாம் பதிவேடு உருவாக்கப்பட்டது.

ஒப்பீடு

நேரமும் செலவும்

நேரக் கணக்கில் தொலைபேசியே முன்னிற்கிறது. எடுத்துக்காட்டாக, ஓர் அழைப்புக்கு 3 நிமிடம் எனக் கொண்டால் ஒரு மணி நேரத்தில் 20 பேரை அழைக்கலாம். பயணத்துடன் சேர்த்து ஒரு வீட்டிற்கு 30 நிமிடம் எனக் கொண்டால், அதே நேரத்தில் 2 வீடுகளுக்கே செல்ல முடியும். ஆகவே ஒரு சந்திப்பு ஓர் அழைப்பைப் போல 10 மடங்கு பயன் தந்தால் மட்டுமே இரண்டும் சமமாகும். வண்டிக்கான எரிபொருள், வெயில், மழை, பூட்டிய வீடு ஆகியவை சந்திப்பின் செலவை மேலும் கூட்டுகின்றன. பெரும்பாலான முகவர்கள் தரகுத் தொகையை மட்டுமே வருமானமாகக் கொண்டவர்கள் என்பதால் இச்செலவு அவர்களையே சாரும்.

எனினும் இக்கணக்கு முழுமையானதன்று. அழைப்பில் மறுப்பது எளிது. இணைப்பைத் துண்டித்தால் போதும். ஒருமுறை எரிச்சலுடன் மறுத்தவரை மீண்டும் அணுகுவது கடினம். எனவே விரைவாக அழைக்கும் முகவர் தமது பட்டியலையும் விரைவாகத் தீர்த்துவிடுகிறார்.

நம்பிக்கை

நேர்ச் சந்திப்பில் முகவரின் முகம், அடையாள அட்டை, ஆவணங்கள் ஆகியவற்றை வாடிக்கையாளர் பார்க்க இயலும். ஆயுள் காப்பீடு போன்று பல ஆண்டுகள் பணம் செலுத்த வேண்டிய ஒப்பந்தங்களில் இது முக்கியமானது. குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து கேள்வி கேட்கவும் வாய்ப்புண்டு. தொலைபேசியில் பேசுபவர் உண்மையான முகவரா என்பதை உறுதிசெய்வது எளிதன்று. வங்கி அலுவலர் போலப் பேசி ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெறும் மோசடிகளும், "டிஜிட்டல் கைது" எனப்படும் மிரட்டல் மோசடிகளும் அறிமுகமற்ற எண்கள் மீதான நம்பிக்கையைக் குறைத்துள்ளன.

அழுத்தம்

வீட்டு வாசலில் நிற்பவரை மறுப்பது பலருக்குச் சங்கடமானது. விருந்தோம்பல் வழக்கத்தின்படி உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்த பின்னர், வேண்டாம் என்று கூறத் தயங்கிக் கையொப்பம் இடுவோரும் உண்டு. இது விற்பனையாளருக்குச் சாதகமாகத் தோன்றினாலும், விருப்பமின்றி எடுத்த காப்பீடு முதல் சில தவணைகளிலேயே கைவிடப்படும் வாய்ப்பு அதிகம். அதனால் வாடிக்கையாளர் பணத்தையும், முகவர் அடுத்தடுத்த ஆண்டுகளின் தரகுத் தொகையையும் இழக்கின்றனர். தனியாகச் செல்லும் பெண் முகவர், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் ஆகிய இருவருக்கும் முன்னறிவிப்பற்ற சந்திப்பில் பாதுகாப்புச் சிக்கலும் உள்ளது.

சட்டமும் நெறிமுறைகளும்

தொலைபேசி அழைப்பு

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) ஜூன் 5, 2007 அன்று தேவையற்ற வணிகத் தொடர்புகள் குறித்த முதல் விதிமுறைகளை வெளியிட்டது. இவற்றுக்கு மாற்றாக 2010 இலும், பின்னர் 2018 இலும் புதிய விதிமுறைகள் வந்தன. இவற்றின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

- வாடிக்கையாளர் 1909 என்ற எண் வழியாகத் தமது விருப்பத்தைப் பதிவு செய்யலாம். வங்கி மற்றும் காப்பீடு, வீட்டுமனை, கல்வி எனத் துறைவாரியாகவும் தடுக்கலாம்.
- விளம்பர அழைப்புகள் 140 எனத் தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். சேவை மற்றும் பரிமாற்ற அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது.
- பிப்ரவரி 12, 2025 அன்று வெளியான திருத்தத்தின்படி, தேவையற்ற அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் முறையிடலாம். பதிவு செய்யாத ஒருவர் மீது 10 நாட்களில் 5 முறைப்பாடுகள் வந்தாலே நடவடிக்கை எடுக்க முடியும். முதல் மீறலுக்கு வெளிச்செல்லும் சேவை 15 நாட்கள் தடுக்கப்படும்; மீண்டும் மீறினால் இணைப்புகள் ஓராண்டிற்குத் துண்டிக்கப்படும்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி நெறிமுறை, நேரடி விற்பனை முகவர்கள் பொதுவாகக் காலை 9.30 முதல் மாலை 7.00 மணி வரை மட்டுமே தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்கிறது. கடன் அட்டை தொடர்பாக இந்திய ரிசர்வ் வங்கி 2022 இல் வெளியிட்ட நெறிமுறை, காலை 10.00 முதல் மாலை 7.00 மணி வரை என வரையறுத்தது.

வீடுதேடிச் சந்திப்பு

டிசம்பர் 28, 2021 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, நேரடி விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் ஒப்புதலும் இன்றி நுகர்வோரின் இடத்திற்குச் செல்லக் கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே தாம் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எந்த நோக்கம் என்பவற்றை, கேட்காமலேயே உண்மையாகக் கூற வேண்டும்.

வங்கி முகவர்களுக்கான மேற்கண்ட மாதிரி நெறிமுறை, சந்திப்பின்போது பின்பற்ற வேண்டியவற்றையும் கூறுகிறது. விருப்பத்திற்கு மாறாக வீட்டினுள் நுழையக் கூடாது. ஒரு விற்பனையாளர், ஒரு மேற்பார்வையாளர் என்பதற்கு மேல் கூட்டமாகச் செல்லக் கூடாது. உரியவர் இல்லாமல் குடும்பத்தினர் மட்டுமே இருந்தால், அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லிவிட்டு விடைபெற வேண்டும்.

ஆயுள் காப்பீட்டில் வாடிக்கையாளர் மனம் மாறவும் வாய்ப்பு அளிக்கப்பட்டுள்ளது. ஒப்பந்த ஆவணம் கிடைத்த பின் அதைத் திருப்பி அளிக்க 2002 ஆம் ஆண்டு விதிமுறை 15 நாட்கள் வழங்கியது. 2024 இல் இது 30 நாட்களாக உயர்த்தப்பட்டது.

சிறு முகவர்களின் நிலை

அழைப்பு மையங்களை மனதில் கொண்டு எழுந்த தொலைபேசி விதிமுறைகள் தனி முகவரையும் பாதிக்கின்றன. தனி முகவர் பெரும்பாலும் தமது சொந்தச் செல்பேசியிலிருந்தே அழைக்கிறார். அதே எண்ணில்தான் பழைய வாடிக்கையாளர்களும் குடும்பத்தினரும் அவரைத் தொடர்புகொள்கின்றனர். முன்பின் அறியாத பலரை ஒரே வாரத்தில் அழைத்து, அவர்களுள் ஐவர் முறையிட்டால், அவரது தொழிலின் ஆதாரமான அந்த எண்ணே முடங்கக்கூடும்.

தவணை நினைவூட்டல் சேவை சார்ந்தது. புதிய திட்டம் ஒன்றை வாங்குமாறு கேட்பது விளம்பரம் சார்ந்தது. இவ்வேறுபாட்டை முகவர்கள் அறிந்திருத்தல் அவசியம். பரிந்துரையாகக் கிடைத்த எண்ணுக்கும் இது பொருந்தும். எண்ணைக் கொடுத்தவர் வேறு, இசைவு தர வேண்டியவர் வேறு. பரிந்துரைத்தவரே முதலில் பேசி இசைவு பெற்றுத் தருவது இச்சிக்கலைக் குறைக்கும்.

தவளக்குப்பம் பகுதியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரியாங்குப்பம் கொம்யூனில், புதுச்சேரி - கடலூர் சாலையில் அமைந்துள்ள தவளக்குப்பம், இரு முறைகளின் வரம்புகளையும் விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். புதுச்சேரியின் நிலப்பரப்பு தொடர்ச்சியற்றது. தவளக்குப்பத்தை அடுத்துள்ள சிங்கிரிகுடி, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு வீடுதேடிச் செல்லும் முகவர் சிறிது தூரத்திலேயே மாநில எல்லையைக் கடக்கிறார். செல்பேசிச் சேவையில் இந்த எல்லை இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்திலேயே உள்ளன. அதே ஒன்றியப் பகுதியின் மாகே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் அடங்கும்.

சந்திப்புக்கு ஏற்ற நேரமும் வீட்டுக்கு வீடு மாறுபடுகிறது. நகருக்கு வேலைக்குச் செல்வோரை மாலையிலோ விடுமுறை நாளிலோதான் வீட்டில் காண முடியும். அருகிலுள்ள நல்லவாடு போன்ற மீனவ ஊர்களில் கடலுக்குச் செல்லும் நேரத்தைப் பொறுத்தே ஆட்கள் வீட்டில் இருப்பர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருந்தாலும், அவர்களது வருமானம் குறைந்திருக்கும். ஆளைச் சந்திக்க ஏற்ற காலம், புதிய தவணை ஒன்றைத் தொடங்க ஏற்ற காலமாக இருப்பதில்லை. இத்தகைய விபரங்கள் நிறுவனம் தரும் எண் பட்டியலில் கிடைப்பதில்லை. ஊரை அறிந்த முகவருக்கே தெரியும்.

இணைந்த முறை

நடைமுறையில் இரு முறைகளையும் இணைத்துப் பயன்படுத்துவது பொருத்தமானது. அதன் படிகள் பின்வருமாறு:

1. பரிந்துரை அல்லது விசாரணை மூலம் வாடிக்கையாளரின் இசைவைப் பெறுதல்
2. சுருக்கமாக அழைத்துத் தம்மை அறிமுகம் செய்து, சந்திக்க நாளும் நேரமும் கேட்டல்
3. குறித்த நேரத்தில் அடையாள அட்டையுடன் சென்று விளக்குதல்
4. அன்றே கையொப்பம் கேட்காமல், முடிவெடுக்க அவகாசம் தருதல்
5. விற்பனைக்குப் பின் தவணை, சேவை ஆகியவற்றுக்குத் தொலைபேசியைப் பயன்படுத்துதல்

இம்முறையில் தொலைபேசி அழைப்பின் நோக்கம் விற்பது அன்று. கதவைத் தட்டுவதற்கான அனுமதியைப் பெறுவதே ஆகும். 2021 ஆம் ஆண்டு விதிகள் கோரும் முன் ஒப்புதலும் இதனால் நிறைவேறுகிறது. வாடிக்கையாளர் இரண்டாம் படியிலேயே மறுத்தால் முகவரின் பயணச் செலவும் மிச்சமாகும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிரீன் ரிவர் நகரம், அழைப்பின்றி வீடுகளுக்கு விற்பனைக்காகச் செல்வதைத் தடை செய்யும் சட்டத்தை 1931 இலேயே இயற்றியது. அந்நாட்டின் தேசிய அழைக்க வேண்டாம் பதிவேடு 2003 இல் தொடங்கியது. வீட்டில் நடைபெறும் விற்பனையை மூன்று வணிக நாட்களுக்குள் இரத்து செய்யும் உரிமையும் அங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் நெறியுறுத்தம், தொலைபேசி விற்பனை, வீட்டு விற்பனை ஆகிய இரண்டிற்கும் பொதுவாக 14 நாள் அவகாசம் வழங்குகிறது.

இவற்றையும் பார்க்க

- இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம்
- இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
- நேரடி விற்பனை
- நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
- அரியாங்குப்பம்

பகுப்புகள்: சந்தைப்படுத்தல் | விற்பனை | நுகர்வோர் பாதுகாப்பு | இந்தியத் தொலைத்தொடர்பு