தொண்டை நாட்டு மனைக்கள்: இல்லத்துக் கலையொன்றின் வரலாறு

தோற்றுவாய்

காஞ்சி என்றதும் பட்டும் கோயிலும் நெஞ்சில் எழுவது இயல்பு. கல்வியிற் கரையிலாத நகர் என்னும் புகழும் உடன் எழும். அந்நகரைச் சூழ்ந்த தொண்டை நாட்டிற்குப் பலரும் எண்ணிப் பாராத மற்றொரு பழமையும் உண்டு. அரிசியைக் கொண்டு இல்லத்தில் கள் சமைக்கும் முறையைப் படிப்படியாக எடுத்துரைக்கும் தமிழ்ப் பகுதியொன்று, காஞ்சியிலிருந்து ஆண்ட மன்னனைப் பாடிய பாட்டிலேயே அமைந்துள்ளது.

மேலை நாடுகளில் இன்று வாற்கோதுமையைக் கொண்டு பீரும், ஆப்பிள் பழச்சாற்றைக் கொண்டு சைடரும் வீட்டிலேயே செய்துகொள்வது ஓய்வுநேரக் கலையாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அதற்கு நடுவணரசின் இசைவை வழங்கிற்று. அங்கே அண்மையில் மீட்கப்பட்ட இவ்வில்லக் கலை தொண்டை நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே செழித்திருந்தது. பின்னர் இல்லத்தை விட்டு நீங்கியது. நீங்கிய வரலாறு இலக்கியத்திலும் செப்பேட்டிலும் சட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றது. சங்கப் பாடல்களை மேடைதோறும் போற்றுவோரும் கள் வருமிடத்தில் குரலைத் தாழ்த்திக் கடந்துவிடுகின்றனர். குடியைப் புகழாமலும் உண்மையை மறைக்காமலும் அவ்வரலாற்றைத் தொகுத்துக் காண்பது தகும்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்துவதாக அமைந்தது. பாட்டுடைத் தலைவனாகிய இளந்திரையனும் புலவனே. புறநானூற்றின் 185ஆம் பாட்டு அவன் பாடியது. காஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு குடியினரும் விருந்தினர்க்கு அளிக்கும் உணவைப் புலவர் வரிசையாகக் கூறிச் செல்கிறார். வலைஞர் குடியிருப்பை அடையும்போது கள் சமைக்கும் முறை விரிகின்றது.

அவர் கூறும் நிரல் இது. நன்கு குற்றித் தீட்டாத அரிசியை முதலில் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அக்களியை அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்ற வேண்டும். ஆறிய பின்னர் ‘நல்லடை’ எனப்படும் பொருளை அதனுடன் கலத்தல் வேண்டும். முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்ப்பது என உரைவழி இதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. இரு பகலும் இரு இரவும் கழியும்வரை வலிய வாயுடைய சாடியில் வைத்தால் பச்சை வாடை நீங்கிக் கள் விளையும். பின்பு வெந்நீரில் அரித்து, விரல்களால் அலைத்துப் பிழிந்தெடுத்த நறும்பிழி, சுட்ட மீனுடன் தளர்ந்து வந்த வழிநடையோர்க்கு வழங்கப்படும்.

இந்நிரலில் தேவையற்ற செயல் ஒன்றேனும் இல்லை. அரிசியில் உள்ளது மாச்சத்து. மாச்சத்து நேரடியாக மதுவாகாது; முதலில் அது சருக்கரையாக உடைபட வேண்டும். முளைக்கும் தானியம் தன் குருத்துக்கு உணவூட்டும்பொருட்டு மாச்சத்தைச் சருக்கரையாக்கும் நொதிகளைத் தன்னுள் தோற்றுவிக்கின்றது. வாற்கோதுமையை முளைக்கச் செய்து பீர் காய்ச்சும் ஐரோப்பியர் கையாள்வதும் இதே நெறிதான். சீனத்திலும் சப்பானிலும் பூஞ்சணத்தைக் கொண்டு இம்மாற்றத்தை நிகழ்த்துவர். சார்க்கண்டுப் பழங்குடியினர் வீட்டில் செய்யும் ‘அண்டியா’ என்னும் அரிசிக் கள்ளுக்கு மூலிகையும் அரிசிமாவும் சேர்த்து உருட்டிய ‘ரானு’ என்னும் உறை வில்லையை இடுவர். தொண்டை நாட்டு வலைஞர் இல்லம் முளைநெல் வழியைக் கைக்கொண்டிருந்தது என்பது இப்பாட்டால் பெறப்படும் அரிய செய்தியாகும்.

களியை ஆற்றுதல் ஏன் எனின், கொதிக்கும் களியில் முளைநெல்லை இட்டால் அதன் நொதிகள் கெடும். சருக்கரையை மதுவாக்கும் நுண்ணுயிரும் மாளும். இந்நுண்ணுயிரின் தொழிலைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாசுதர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆய்ந்து நிறுவினார். பீரைப் பற்றிய அவருடைய நூல் 1876ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெயர் அறியாமலேயே அதன் இயல்பை அறிந்திருந்தனர் பழந்தமிழர்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்கு உண்டு. நல்லடையின் தோற்றத்திற்குப் புலவர் காட்டும் உவமை, பாம்பு உறையும் புற்றினுள் இருக்கும் குரும்பி, அஃதாவது புற்றாஞ்சோறு. நுண்துளைகள் நிறைந்த அவ்வடை வடிவ ஒப்புமைக்காகவே கூறப்பட்டது. ஆயினும், கறையான் புற்றினுள் பூஞ்சணத்தைப் பயிர் செய்யும் இடமே அக்குரும்பி என இன்றைய உயிரியல் கூறுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத உயிரால் உணவை மாற்றும் இரு தொழில்களைப் புலவரின் கண் ஒரே உவமைக்குள் அடக்கிவிட்டது. உற்று நோக்கிய உவமை நூற்றாண்டுகள் கடந்தும் புதுப்பொருள் தரும் என்பதற்கு இது சான்று.

பெயர்களும் வகைகளும்

கள், நறவு, தேறல், பிழி, அரியல், மட்டு, மகிழ், தோப்பி எனச் சங்க இலக்கியத்தில் இக்குடிநீரின் பெயர்கள் பலவாகும். பிழிதலால் பிழி, அரித்தலால் அரியல், தெளிதலால் தேறல், மகிழ்வித்தலால் மகிழ் எனப் பல பெயர்கள் செயலின் அடியாகவே பிறந்துள்ளன. செய்முறை அன்றாடம் கண்முன் நிகழும் இல்லத்தில்தான் இத்தகு சொற்கள் பிறத்தல் இயலும். தோப்பி என்பது நெல்லால் சமைத்த கள். அது இல்லத்திலேயே அடப்பட்டது என்பதையும் பெரும்பாணாற்றுப்படையே வேறோர் இடத்தில் வெளிப்படையாகக் கூறுகின்றது. குறிஞ்சி நில மக்கள் தேனை மூங்கிற் குழாயில் இட்டு முதிர்வித்த செய்தி திருமுருகாற்றுப்படையில் காணப்படும்.

பனங்கள் வேறு வகையினது. அரிசிக் கள் பீரைப் போன்றதென்றால் பனங்கள் சைடரைப் போன்றது எனலாம். பழச்சாற்றில் போலவே பாளைச்சாற்றில் சருக்கரை முன்னரே உள்ளது, முளைநெல் தேவையில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளைச்சாறு புளியாது பதநீராக நிற்கும். தடவாவிடில் சில நாழிகைக்குள் கள்ளாகும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. இடையே நிற்பது சிறிது சுண்ணாம்பு மட்டுமே.

மகளிர் கைவினை

பெரும்பாணாற்றுப்படையின் பட்டினப் பகுதியில் கள் அடும் மகளிர் தோன்றுகின்றனர். அவர்கள் கலங்களைக் கழுவிய நீர் வழிந்து சேறாகின்றது. அச்சேற்றில் பன்றிகள் குட்டிகளுடன் அளைகின்றன. நெல்மாவை உணவாக்கிக் குழியில் வளர்த்த பன்றியின் ஊனோடு முதிர்ந்த நறவும் விருந்தினர்க்குக் கிடைக்கும் என்கிறார் புலவர். அடுதல் என்னும் வினை சோற்றுக்கும் கள்ளுக்கும் பொதுவாக நின்றதை இங்குக் காணலாம். அடுப்பு, அரிசி, சாடி ஆகிய மூன்றும் பெண்டிர் கையில் இருந்தமையின் இத்தொழிலும் அவர்கள் கையில் இருந்தது.

வடமொழிப் பொருள்நூலாகிய அர்த்தசாத்திரமும் இதற்கு இணையான செய்தியைத் தருகின்றது. மதுவைக் கண்காணிக்கத் தனி அலுவலரை அமைக்கும் அந்நூல், குடும்பத்தினர் சிறப்பு நாட்களில் வெண்சுரையையும் மருந்துக்காக அரிட்டத்தையும் தாமே செய்துகொள்ள இசைவு அளிக்கின்றது. மதுவுக்கான உறைப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பெண்டிரும் சிறுவரும் செய்யவேண்டும் என்றும் கூறுகின்றது.

பெண்பாற் புலவர்க்கும் கள்ளுக்கும் இருந்த உறவு ஔவையாரின் கையறுநிலைப் பாட்டால் விளங்கும். கள் சிறிதளவே கிடைத்தால் புலவர்க்கு அளித்துவிடுவதும், பெருமளவு கிடைத்தால் உடனிருந்து உண்பதும் அதியமானின் பண்பு என நினைந்து இரங்குகிறார் அவர். அந்த ஔவையாரே அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்று படைக்கலக் கொட்டிலைக் கண்டவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. அப்பாட்டில் கள் என்பது போதைப்பொருள் அன்று, பகிர்வின் அளவுகோல்.

மறுப்புக் குரல்கள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. 93ஆம் அதிகாரமாகிய அது, ஈன்ற தாயே காணப் பொறாத நிலைக்குக் குடிப்பவனைக் கொண்டு நிறுத்துகின்றது. வள்ளுவர் காணும் கேடு உடலைக் காட்டிலும் உறவைப் பற்றியது என்பது கருதத்தக்கது.

பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் சாதுவன், நாகர் தலைவனிடம் கள்ளையும் உயிர்க்கொலையையும் கைவிடுமாறு அறிவுறுத்துகிறான். அக்காப்பியத்தில் காஞ்சி பசியால் வாடிய நகராகக் காட்சியளிக்கின்றது; மணிமேகலை அமுதசுரபியுடன் அங்குச் சென்று பசி தீர்க்கிறாள். ஆற்றுப்படையின் தொண்டை நாட்டில் அரிசி கள்ளாகும் அளவுக்கு மிகுந்திருந்தது. காப்பியத்தின் காஞ்சியிலோ அது சோற்றுக்கும் கிட்டவில்லை. மனைக்கள் விளைச்சல் மிகுதியின் பிள்ளை. வறட்சி வரும்போது சாடியில் ஊறும் அரிசி, பிறர் வாயிலிருந்து எடுத்த அரிசியாகிவிடும். அறநூல்களின் கண்டிப்பில் இவ்வுண்மையும் உறைந்திருத்தல் கூடும்.

மகேந்திரன் கண்ட காஞ்சி

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி அங்கத நாடகம் காஞ்சித் தெருவிலேயே நிகழ்கின்றது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் குடித்துத் திரிகிறான், கபாலத்தைத் தொலைக்கிறான், பௌத்தத் துறவி நாகசேனன்மீது பழி சுமத்துகிறான். கபாலத்தைக் கவ்விச் சென்றது நாய் என்பது இறுதியில் தெரியவருகின்றது. 1917ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து கணபதி சாத்திரியார் பதிப்பித்த பின்னரே இந்நாடகம் அறிஞருலகில் பரவிற்று.

இந்நாடகத்தில் காபாலிகன் காஞ்சியின் மதுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டு மகிழ்கிறான். நகைச்சுவைக்குள் ஒரு சமூக மாற்றம் பதிவாகியுள்ளது. உருத்திரங்கண்ணனார் காட்டிய கள், விருந்தினரை எதிர்கொள்ளும் வீட்டில் மீனோடு வந்தது. மகேந்திரன் காட்டிய கள், தெருவிலுள்ள கடையில் விலைக்கு வந்தது. முன்னதில் குடிப்பவன் விருந்தினன். பின்னதில் அவன் வாடிக்கையாளன்.

வரியும் சட்டமும்

கடைக்கு வந்த பொருள் அரசின் கணக்குக்கும் வந்தது. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் கள்ளிறக்குவோர்மீது விதித்த ஈழம்பூட்சி என்னும் வரி பேசப்படுகின்றது. ஈழம் என்பது இங்குக் கள்ளைக் குறிக்கும். தானமாக அளிக்கப்பட்ட ஊர்களில் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விதியும் சோழர் செப்பேட்டில் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் ‘ஆப்காரி’ வருவாய் கருவூலத்தின் பெருந்தூண்களுள் ஒன்றாயிற்று. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம் மது செய்தலையும் விற்றலையும் உரிமத்திற்குள் கட்டியது. பின்னர் இராசாசி தலைமையிலான அரசு 1937ஆம் ஆண்டில் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றிச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிற்று; 1948ஆம் ஆண்டில் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971ஆம் ஆண்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, 1974ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. 1981ஆம் ஆண்டில் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டில் மூடப்பட்டன. 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகின்றது.

இம்மாற்றங்களின் விளைவு வியப்புக்குரியது. ஆலையில் வடித்த மது அரசுக் கடையில் விற்கப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படை கூறும் முறைப்படி ஒருவர் தம் வீட்டுச் சாடியில் அரிசியை ஊறவைத்தால் அது குற்றமாகும். சுண்ணாம்பு தடவிய கலயம் உணவுக்கலமாகவும், தடவாத கலயம் குற்றச் சான்றாகவும் சட்டத்தின் முன் நிற்கின்றன.

தடையின் நோக்கம் ஏழைக் குடும்பங்களைக் காத்தல் என்பதில் ஐயமில்லை. எனினும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024ஆம் ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். மெத்தனால் தொழிற்சாலைப் பொருள். அரிசியும் முளைநெல்லும் ஊறிய சாடியில் உயிர் பறிக்கும் அளவுக்கு அது தோன்றுவதில்லை. செய்தவர் முகம் அறிந்து அருந்திய காலம் போய், எவர் எங்கே எதைக் கலந்தார் என அறியாமல் அருந்தும் காலம் வந்தமையே இச்சாவுகளின் வேர்.

எஞ்சி நிற்பவை

கள் நீங்கினாலும் புளிக்கவைக்கும் கலை தமிழர் இல்லத்தை விட்டு நீங்கவில்லை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் நிவேதிக்கப்படும் குடலை இட்லி இதற்குச் சிறந்த சான்று. கொரகொரப்பாக அரைத்த அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவு புளித்த பின், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கூட்டி, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் வார்த்து வேகவைக்கப்படுகின்றது. அரிசி, காத்திருத்தல், கண்காணா நுண்ணுயிர் என்னும் பழைய கூட்டணி இங்கே இறைவனுக்குரிய உணவாகின்றது. இரவில் நீரூற்றிய பழைய சோற்றிலும் இதே கூட்டணியின் சாயல் உண்டு. மருத்துவத்தில் அரிட்டமும் ஆசவமும் தாமே புளித்துச் சிறிதளவு மதுவைத் தம்முள் ஈன்றெடுக்கின்றன. திராட்சாரிட்டம் அவற்றுள் ஒன்று. அர்த்தசாத்திரம் குடும்பத்தினர்க்கு விட்டுக்கொடுத்த இரண்டனுள் மருந்து மட்டும் மருத்துவர் வழியே இன்றும் வாழ்கின்றது.

முடிவாக

மனைக்கள்ளின் வரலாறு விருந்தில் தொடங்கி விலையிலும், விலையிலிருந்து வரியிலும், வரியிலிருந்து தடையிலும் சென்று முடிந்துள்ளது. வள்ளுவரின் எச்சரிக்கை இன்றும் பழுதுபடவில்லை. குடியால் சிதையும் இல்லங்கள் அதற்குச் சான்று கூறும். அதே நேரத்தில், அரிசியைக் களியாக்கி, ஆற்றி, முளைநெல் கூட்டி, இரு பகலும் இரு இரவும் காத்திருந்த வலைஞர் குலப் பெண்ணின் அறிவும் தமிழரின் அறிவே. 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியிராவிடின் அவ்வறிவின் ஒரே எழுத்துச் சான்றும் ஏட்டோடு செல்லரித்துப் போயிருக்கும். பாட்டின் அப்பகுதியைக் குரல் தாழ்த்தாமல் படிப்பது அப்பெண்ணுக்குச் செய்யும் கடன். குடிப்பதும் குடியாமையும் அவரவர் அறம். அறிந்திருப்பது அனைவர்க்கும் பொது.