ஃபோனோகிராஃபின் சீவுளி

பழைய எடிசன் ஃபோனோகிராஃப் கைக்கு வந்தால் ஹாரனையும் சாவியையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். குழப்புவது வேறொன்று. உருளைக்கு மேல் நகரும் கையில், ஒலிப்பெட்டியை ஒட்டி ஒரு சின்ன நெம்புகோல் சில மாடல்களில் இருக்கும். தாழ்த்தினால் உருளைமேல் உட்காரும்; பாட்டு வராது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனியில் நீலக்கல் தெரியும். ஒலிப்பெட்டியின் ஊசியும் நீலக்கல்தான், ஆனால் அது பள்ளத்தில் வழுக்கிப் போவதற்காக மழுங்கலாக இருக்கும். இதற்கோ கூர்விளிம்பு. தச்சரின் இழைப்புளியைப் போல உருளையின் மேல்தோலைச் சீவி எடுத்துவிடும். உள்ளே இருந்த குரலும் தூளோடு போய்விடும்.

ஒலியைப் பிடித்துவைக்கும் கருவிக்கு எதற்கு அழிக்கும் கத்தி? எடிசன் 1888-இல் முழுவதும் மெழுகாலான உருளைக்கு மாறியபோது அவர் மனதில் இருந்தது கச்சேரி அல்ல, அலுவலகம். (மெழுகு என்பது பெயருக்குத்தான்; பொருள் பெரும்பாலும் உலோகச் சோப்பு.) முதலாளி கடிதத்தைச் சொல்வார், தட்டச்சர் கேட்டு அடிப்பார், உருளையைச் சீவினால் அடுத்த கடிதத்துக்குத் தயார். அதே ஆண்டு ஜெஸ்ஸி லிப்பின்காட் தொடங்கிய நிறுவனம் இந்தக் கருவிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டது. வியாபாரம் படுத்துவிட்டது. காசு போட்டுப் பாட்டு கேட்கும் பெட்டிகள்தான் கூட்டம் சேர்த்தன.

வீட்டுக் கருவிக்கும் கத்தி கூடவே வந்தது. அப்போது வீட்டிலேயே பாடிப் பதியலாம், பிடிக்காவிட்டால் சீவலாம். இந்தச் சுதந்திரத்தைப் பிற்கால கிராமபோன் பறித்துக்கொண்டது என்பதுதான் எனக்கு வருத்தம். ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே மென்மெழுகுதான். 1890-இல் ஃப்யூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமகுவாடி மக்களின் பாடல்களைப் பதிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் ஃபோனோகிராஃபோடு தென்னிந்தியா சுற்றினார். அந்த மெழுகில் எதைச் சீவியிருந்தாலும் மீட்க வழியில்லை.

1902-இல் எடிசன் வார்ப்பு உருளைகளை விற்கத் தொடங்கினார். கடினமான கறுப்பு மெழுகு, அச்சிலிருந்து வார்த்தெடுத்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டை யார் சீவுவார்கள்? பின்னால் வந்த வீட்டு மாடல்களில் கத்தி காணாமல் போனது. 1912-இன் புளூ ஆம்பரால் செல்லுலாய்டு. அதில் சீவ ஒன்றுமில்லை.

வீட்டை விட்டுப் போன கத்தி, தனக்காகவே பிறந்த அலுவலகத்தில் தனி இயந்திரமாகவே வளர்ந்தது. சொல்ல ஒன்று, கேட்டு அடிக்க ஒன்று, சீவ ஒன்று என மூன்று கருவிகள். ஆறு அங்குல உருளையை நூறு முறை வரை சீவிப் பயன்படுத்தினார்கள். பழைய கருவிகளைத் தேடுவோர் இந்தச் சீவும் இயந்திரத்தைத் தனியே கண்டால் திகைப்பது இயல்பு: மோட்டார் உண்டு, உருளை மாட்ட இடம் உண்டு, ஒலிப்பெட்டி மட்டும் இல்லை.

1947-இல் டிக்டாஃபோன் நிறுவனம் டிக்டாபெல்ட் என்னும் பிளாஸ்டிக் பட்டையைக் கொண்டுவந்தது. பள்ளம் அழுத்திப் பதிவானது. சீவவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் காவல்துறையின் வானொலிப் பேச்சு பதிவானதும் அத்தகைய பட்டையில்தான். அதைப் பல ஆண்டுகள் கழித்தும் வல்லுநர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாதாட முடிந்தது.