கோழி இறக்கையும் விளையாட்டுத் திரையும்

அமெரிக்காவில் 1960கள் வரை கோழி இறக்கைக்குத் தனி மதிப்பு இருந்ததில்லை. மார்பும் தொடையும் விற்றுப்போன பிறகு மிஞ்சும் இறக்கையும் கழுத்தும் முதுகெலும்பும் சூப்புக்குப் போயின. தென் மாநிலங்களிலும் அங்கிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் வீடுகளிலும் மட்டும் இறக்கை எண்ணெயில் பொரிந்து ஒருவேளை உணவாகவே இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் அதே இறக்கை சில ஆண்டுகளில் மார்புக்கறியின் விலையையே தாண்டியது. அதை நம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவக நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுக்குள் நுழைபவர் சாப்பிட மட்டும் வருவதில்லை. ஆட்டம் தொடங்கி முடியும் வரை திரைக்கு எதிரே உட்காரவும் வருகிறார். இறக்கைக் கடை, விளையாட்டு காட்டும் பார் என்ற இரண்டும் தனித்தனியே பிறந்தவை.

இறக்கையின் ஊர் பஃபலோ. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், ஈரி ஏரிக்கரையில், தானியக் கிடங்குகளாலும் எஃகு ஆலைகளாலும் வளர்ந்த நகரம். ஆலைகளில் இரவு முறை முடித்து வருபவர்களுக்காக அங்கே பார்கள் விடியற்காலை நான்கு மணி வரை திறந்திருக்கும். நகரின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஃபிராங்க், தெரஸா பெலிசிமோ என்ற இத்தாலிய வம்சாவளித் தம்பதி நடத்திய ஆங்கர் பாரில் 1964இல் இந்தப் பதார்த்தம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. எப்படிப் பிறந்தது என்பதில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. குழம்புக்குக் கேட்ட கழுத்துக்கும் முதுகுக்கும் பதிலாக வியாபாரி தவறுதலாக இறக்கைகளை அனுப்பிவிட்டார், அவற்றை வீணாக்க மனமில்லாமல் மனைவியிடம் ஏதாவது செய்யச் சொன்னேன் என்பது ஃபிராங்கின் கூற்று. மகன் டொமினிக் சொன்னது வேறு: ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கத்தோலிக்கர்கள் இறைச்சி விலக்கும் நாள், நள்ளிரவு தாண்டியதும் கறி தின்னலாம் என்பதால், காத்திருந்த நண்பர்களுக்கு ஏதாவது கொடுக்கும்படி அம்மாவிடம் கேட்டேன் என்றார். கடை இன்று சொல்லும் தேதியோ 1964 மார்ச் 4. அது புதன்கிழமை.

இந்த முரண்களை முதலில் அச்சில் அடுக்கிக் காட்டியவர் எழுத்தாளர் கால்வின் டிரில்லின். 1980இல் நியூயார்க்கர் இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்த வரலாற்றின் அடிப்படை ஆவணம். பெலிசிமோ குடும்பத்தோடு மட்டும் நில்லாமல் ஜான் யங் என்ற கறுப்பின வியாபாரியையும் அவர் சந்தித்தார். அலபாமாவிலிருந்து வந்த யங், 1960களின் முற்பகுதியிலேயே பஃபலோவின் கிழக்குப் பகுதியில் இறக்கைக்கென்றே கடை வைத்திருந்தார். அவருடைய இறக்கை வெட்டப்படாத முழு இறக்கை. மாவில் புரட்டிப் பொரித்து, மாம்போ எனப்படும் இனிப்பும் காரமும் கலந்த சாஸ் ஊற்றித் தரப்பட்டது. 1970இல் அவர் ஊரைவிட்டுப் போனார். பெலிசிமோக்களின் பெயர் நிலைத்தது. யங்கின் பெயரைப் பஃபலோ மீண்டும் நினைத்துப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கறுப்பினக் குடியிருப்பில் விற்ற கடைக்கும் நகரின் முதன்மைச் சாலையில் இருந்த பாருக்கும் கிடைத்த வெளிச்சம் ஒன்றல்ல என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆங்கர் பாரின் செய்முறை எளிமையானது. நுனியைத் தள்ளிவிட்டு இறக்கையை மூட்டில் இரண்டாக வெட்டுவார்கள். மாவு இல்லாமல் கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, கெய்ன் மிளகாய் சாஸும் உருகிய வெண்ணெயும் (பல கடைகளில் மார்ஜரின்) கலந்த கலவையில் குலுக்குவார்கள். பக்கத்தில் செலரித் தண்டும் புளூ சீஸ் கலவையும் வரும். காரத்தை ஆற்ற அவை போதும். பார் முதலாளிக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் அமைவது கடினம். உப்பும் காரமும் அடுத்த பீரைக் கேட்க வைக்கும். எலும்பைச் சுற்றிக் கடிக்க வேண்டியிருப்பதால் வேகமாகத் தின்று எழ முடியாது. ஒரே தட்டில் நான்கு பேர் கைவைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப்பொருள் ஏறக்குறைய இலவசம். 1977 ஜூலை 29ஐ இறக்கை நாளாகப் பஃபலோ நகராட்சி அறிவித்தபோது ஊரில் பெரும்பாலான பார்களில் இது கிடைத்தது. ஊரைத் தாண்டினால் கேட்டவர் குறைவு.

விளையாட்டுத் திரையின் கதை இதற்கு முன்பே தொடங்கியது. 1947இல் பேஸ்பால் உலகத் தொடர் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வந்தபோது வீடுகளில் பெட்டி அரிது. பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் மதுக்கடைகளில் நின்று பார்த்தவர்கள். 1950களில் பெட்டி வீட்டுக்குள் வந்ததும் பாருக்கு அந்தக் கவர்ச்சி குறைந்தது. அது திரும்பி வரச் செயற்கைக்கோள் வேண்டியிருந்தது. 1979 செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய இஎஸ்பிஎன், விளையாட்டுக்கு மட்டுமே இரவும் பகலும் ஓர் அலைவரிசை என்ற எண்ணத்தை நிலைநாட்டியது. கூரையில் பெரிய டிஷ் வைத்த பார்களில், வீட்டு ஆன்டெனாவுக்கு எட்டாத ஆட்டங்கள் ஓடின. 1994இல் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் உள்ளூர் ஒளிபரப்பில் வராத ஞாயிறு ஆட்டங்களையும் சந்தா கட்டிப் பெறும் திட்டம் வந்தது. வேலைக்காக ஊர் மாறியவர்களுக்குச் சொந்த ஊர் அணியின் ஆட்டம் பார்க்க பாரே வழியானது. இப்படி ஒரே கூரையின் கீழ் எதிரெதிர் அணிகளின் ரசிகர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக் கத்தும் வழக்கம் உருவானது.

இரண்டையும் சேர்த்தவர்களில் பெரிய பெயர் பஃபலோ வைல்ட் விங்ஸ். ஜிம் டிஸ்பிரோ, ஸ்காட் லோவரி என்ற இருவர் 1982இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அருகே முதல் கடையைத் திறந்தனர். பஃபலோவில் தின்று பழகிய இறக்கை ஒஹையோவில் எங்கும் கிடைக்காததால் தாங்களே செய்யத் துணிந்தார்கள் என்பது நிறுவனம் சொல்லும் பூர்வகதை. தொடக்கப் பெயரில் 'வெக்' என்ற சொல்லும் இருந்தது. உப்பும் கேரவே விதையும் தூவிய பன்னில் மாட்டுக்கறி வைத்துத் தரும் பஃபலோவின் மற்றொரு பண்டம் அது. மாணவர்களுக்கு அந்தப் பன் பிடிபடவில்லை. பெயரிலிருந்து அது உதிர்ந்த பிறகும் பிடபிள்யு-த்ரீ என்ற பழைய சுருக்கப் பெயரிலேயே பலர் கடையை அழைத்துவந்தனர். 1983இல் புளோரிடாவின் கிளியர்வாட்டரில் ஹூட்டர்ஸ் தொடங்கியது. அங்கே இறக்கையைவிடப் பரிமாறும் பெண்களின் உடையே விளம்பரமானதால், குடும்பத்தோடு போகும் இடமாக அது பெயர் பெறவில்லை.

இறக்கை நாடு முழுவதும் பரவியதில் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் பங்குண்டு. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை அந்த அணி சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை எட்டி, நான்கிலும் தோற்றது. ஒவ்வொரு ஜனவரியிலும் கேமராக்கள் பஃபலோவுக்குப் போய், ஊர்க்காரர்கள் என்ன தின்கிறார்கள் என்று காட்டின. அதே காலத்தில் தோலும் எலும்பும் நீக்கிய மார்புக்கறிக்கு மவுசு கூடியதால், கறி ஆலைகளில் இறக்கைகள் தேங்கிக் கிடந்தன. டோமினோஸ் 1994இல் இறக்கை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு டெக்ஸாஸில் பார்சலையே நம்பி விங்ஸ்டாப் பிறந்தது.

பஃபலோ வைல்ட் விங்ஸுக்கு 1994இல் நிதிப் பொறுப்பாளராக வந்து 1996இல் தலைமைப் பொறுப்பேற்ற சாலி ஸ்மித், மாணவர் பாராக இருந்ததைப் புறநகர்க் குடும்பங்கள் வரும் உணவகமாக மாற்றினார். 2003 நவம்பரில் பங்கு ஒன்று 17 டாலருக்கு நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. அப்போதும் கவுன்டரில் போய்ச் சொல்லலாம், மேசைக்கு ஆள் வந்தும் கேட்கலாம். தனியாக வந்து ஒரு தட்டு தின்றுவிட்டுப் போகும் மாணவனுக்கு ஒன்று, பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு மற்றொன்று. இனிப்பான பார்பிக்யூவிலிருந்து கண்ணீர் வரவழைக்கும் 'பிளேசின்' வரை சாஸ்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு பிளேசின் இறக்கைகளை ஆறு நிமிடத்தில் தின்று முடிக்கும் போட்டியும் இருந்தது. குடிக்க எதுவும் கூடாது, கை துடைக்கவும் கூடாது. வென்றவருக்குப் பனியனும் கைதட்டலும் கிடைத்தன. பக்கத்து மேசைகளுக்கு இலவச வேடிக்கை. ஆட்டம் இல்லாத நேரத்தில் கை வெறுமனே இருக்கக் கூடாதென்று மேசைக்கு மேசை வினாடிவினாக் கருவிகள் தரப்பட்டன. 2010களில், வருபவர்களோடு பேசி அவரவர் அணியின் ஆட்டத்தை அருகிலுள்ள திரைக்கு மாற்றித் தருவதற்கென்றே தனிப் பணியாளர்களை நியமித்தார்கள். சாப்பாட்டுக் கடையில் டிவி மாற்றுவதற்குச் சம்பளம் என்பது வேடிக்கையாகப் படலாம். ஆனால் கேட்ட ஆட்டம் கிடைக்காதவர் எழுந்து போவார், எழுந்து போனவர் அடுத்த பீர் வாங்கமாட்டார் என்ற கணக்கு அதில் இருந்தது.

அந்தக் கணக்கைக் கெடுத்தது இறக்கையின் விலை. ஒரு கோழிக்கு இரண்டு இறக்கைதான். வெட்டினால் நான்கு துண்டு. பன்னிரண்டு துண்டு கேட்பவர் மூன்று கோழிகளின் இறக்கைகளைத் தின்கிறார். கோழி வளர்ப்பவர்களோ மார்புக்கறியின் தேவையைப் பார்த்துத்தான் உற்பத்தியைக் கூட்டுவார்கள், இறக்கைக்காகக் கூட்டமாட்டார்கள். சூப்பர் பவுல் வார இறுதியில் மட்டும் அமெரிக்கர்கள் 140 கோடிக்கும் மேற்பட்ட இறக்கைத் துண்டுகளைத் தின்பார்கள் என்று கோழி வணிகக் கழகம் அண்மை ஆண்டுகளில் மதிப்பிடுகிறது. எடை பார்த்து வாங்கி எண்ணிக்கை பார்த்து விற்கும் வியாபாரத்தில், கோழி பெருத்தால் கடைக்காரருக்கு நட்டம்: ஒரு பவுண்டுக்குக் குறைந்த இறக்கைகளே வரும். 2013இல் பஃபலோ வைல்ட் விங்ஸ் எண்ணிக்கையைக் கைவிட்டு, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு பார்த்து விற்கத் தொடங்கியது. வாடிக்கையாளர்களுக்கு இது உவக்கவில்லை. வடைகளை எண்ணிப் பழகியவரிடம் 'நடுத்தரத் தட்டு வடை' என்று விலை சொன்னால் எப்படியிருக்குமோ அப்படித்தான். பின்னாளில் எண்ணிக்கையே திரும்பியது. 2017இல் இறக்கை விலை உச்சத்துக்குப் போனபோது, செவ்வாய்க்கிழமைதோறும் பாதி விலைக்குத் தந்துவந்த எலும்புள்ள இறக்கை நிறுத்தப்பட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எலும்பில்லாத இறக்கை அந்த இடத்துக்கு வந்தது.

எலும்பில்லாத இறக்கை என்பது உண்மையில் மார்புக்கறித் துண்டு. மாவில் புரட்டிப் பொரித்து அதே சாஸில் குலுக்கியது. கடைக்கு இதில் லாபம் அதிகம், பிள்ளைகளுக்குத் தின்ன எளிது, கையும் அவ்வளவாகப் பிசுபிசுக்காது. ஆனாலும் இறக்கை என்ற பெயரில் இறக்கையல்லாததை விற்கலாமா என்று 2023இல் ஒரு வாடிக்கையாளர் சிகாகோவில் வழக்குத் தொடுத்தார். எங்கள் ஹாம்பர்கரில் ஹாம் இல்லை, பஃபலோ இறக்கையில் எருமையும் இல்லை என்று நிறுவனம் ட்விட்டரில் கேலியாகப் பதில் போட்டது. ஒஹையோவின் வேறொரு கடையில் நடந்தது அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல. 2016இல் அங்கே எலும்பில்லாத இறக்கை தின்றவரின் தொண்டைக்குள் எலும்பு சிக்கி அவர் கடும் நோய்வாய்ப்பட்டார். அந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கடையின் பக்கம் தீர்ப்பளித்தது. எலும்பில்லாதது என்ற பெயர் சமைக்கும் முறையைக் குறிப்பதே தவிர உத்தரவாதம் அல்ல என்பது பெரும்பான்மையின் நிலை. மாறுபட்ட மூவரும் சாதாரண மனிதர் அந்தச் சொல்லை எப்படி வாசிப்பார் என்று கேட்டார்கள். தின்பவர் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியில்தான் நியாயம் தெரிகிறது.

2018 பிப்ரவரியில் பஃபலோ வைல்ட் விங்ஸை ஆர்பிஸ் குழுமம் கடன் உட்பட 290 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டும் இன்ஸ்பையர் பிராண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டரசுத் தடையை நீக்கியது. மறு ஆண்டே பஃபலோ வைல்ட் விங்ஸ் பெட்எம்ஜிஎம் என்ற பந்தய நிறுவனத்தோடு கைகோத்தது. தன் அணி வெல்ல வேண்டுமென்று மட்டும் திரையைப் பார்த்திருந்தவர்களோடு, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று கைபேசியில் பணம் கட்டியவர்களும் இப்போது உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் முடிவு தெரிந்ததும் காலியாகும் மேசைகளில் இவர்கள் கடைசி நொடி வரை இருப்பார்கள்.

2020 மார்ச் 11 அன்று என்பிஏ கூடைப்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த சில நாள்களில் மற்ற விளையாட்டுகளும் நின்றன, உணவகக் கூடங்களும் மூடப்பட்டன. காட்ட ஆட்டமும் இல்லை, உட்கார ஆளும் இல்லை. ஆனால் இறக்கை, பெட்டியில் வைத்து எடுத்துப் போகத் தோதான பண்டம். பார்சல் விற்பனை பெருகி 2021இல் இறக்கைக்குத் தட்டுப்பாடே வந்தது. பஃபலோ வைல்ட் விங்ஸ் 2020இல் அட்லாண்டாவில் தொடங்கிய 'கோ' என்ற சிறு கடைகள் பார்சலுக்கென்றே அமைக்கப்பட்டவை.

பெரிய கடைகள் திரையோடு இருந்த பழைய உறவை விட்டுவிடவில்லை. கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு நீட்டுவதாக நிறுவனம் பல ஆண்டுகள் விளம்பரம் செய்துவந்தது; ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாதவரின் ஆசை அது. சூப்பர் பவுல் கூடுதல் நேரத்துக்குப் போனால் எல்லாருக்கும் இலவச இறக்கை என்றும் அறிவித்திருந்தது. 2024 பிப்ரவரி 11 அன்று கேன்சஸ் சிட்டிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடந்த இறுதியாட்டம் உண்மையிலேயே கூடுதல் நேரத்துக்குப் போனது. நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது: பிப்ரவரி 26 அன்று பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஆளுக்கு ஆறு இறக்கை. பெரிய ஆட்டம் எதுவும் இல்லாத, கடைகள் காற்று வாங்கும் திங்கட்கிழமைப் பிற்பகல் அது.