நட்ட மரமும் முளைத்த மரமும்

அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார் என்று சொல்லித் தந்தே நாம் பழகிவிட்டோம். மரம் நட்டவர் நல்லவர்; அதற்குமேல் கேள்வியில்லை. நீலகிரியின் வரலாறோ அக்கேள்வியை எழுப்புகிறது.

அம்மலையின் உச்சிப்பகுதி, மேடுகளில் புல்வெளியும் பள்ளங்களில் சோலைக்காடுமாக இருந்தது. தோடர்களின் எருமைகள் அப்புல்லில் மேய்ந்தன. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது மரமற்ற தரிசாகவே பட்டது. உதகையில் குடியேறியோரின் அடுப்புகளுக்குச் சோலைகள் இரையாகி விறகு அருகிய நிலையில், 1843இல் ஆஸ்திரேலியத் தைலமரம் வந்திறங்கியது. சீகை எனப்படும் வாட்டில் மரமும் அந்நூற்றாண்டிலேயே வந்தது. விடுதலைக்குப் பின்னும் நாம் நிறுத்தவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று புல்வெளிகளில் சீகையை நட்டுக்கொண்டே போனோம்.

பழனி மலையிலும் இதே கதைதான். ஆனால் அங்கே, கவனிப்பாரற்று முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில், சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்தெழுந்தன. பறவைகள் இட்ட விதைகள், நட்டவர் எவருமில்லை. அத்தோப்புகளை அவசரப்பட்டு வெட்டினால் அக்கன்றுகளும் அழியும்.

அப்படியாயின் எல்லாவற்றையும் இயற்கையிடமே விட்டுவிடலாமா? அதுவும் இயலாது. புல் நிழலைத் தாங்காது. சீகையை வெட்டினாலோ, மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த அதன் விதைகள் வெயில் கண்டு ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றைப் பிடுங்கி, புற்குத்துகளைக் கையால் நட வேண்டியிருக்கிறது.

மரம் நடுவிழாவுக்குக் கல்லூரிதோறும் அழைப்பிதழ் அச்சாகிறது. புல் நடுவிழாவுக்கு இதுவரை நம்மை எவரும் அழைத்ததில்லை.