எஸ்கனாபா - ஒரு பெஞ்சும் மூணு தாத்தாக்களும்

நாலு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கிப் புடுங்கி கை வலிச்சதுதான் மிச்சம். போன ஆகஸ்ட்ல எழுத ஆரம்பிச்ச பதிவு இது, பாதியில நின்னு போய் டிராஃப்ட்லயே ஊறிக்கிட்டு கிடந்தது. இன்னிக்கு எப்படியாவது ஏத்திடறதுன்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்கா.

சிகாகோவுல இருந்து மிச்சிகன் ஏரியைச் சுத்திக்கிட்டு ஒரு மூணு மணி நேரம் கார் ஓட்டினா கிராண்ட் ஹேவன்னு ஒரு சின்ன ஊர் வரும். ஏரின்னு பேருதான், எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும். கண்ணைக் கட்டி கூட்டிட்டுப் போய் விட்டா மெரினான்னு நம்பிடுவீங்க. உப்புக் காத்தும் சுண்டலும் மட்டும்தான் மிஸ்ஸிங் :-) "மணலைப் பார்த்து வருஷமாச்சுடா"ன்னு ரூம்மேட் நச்சரிச்சதால கிளம்பினோம். போன பிறகுதான் தெரிஞ்சது, அன்னிக்கு அங்க திருவிழா. கோஸ்ட் கார்டு, அதாவது அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக ஊரே கூடி வருஷா வருஷம் எடுக்கிற விழா. 1998ல அமெரிக்க நாடாளுமன்றமே இந்த ஊருக்கு 'கோஸ்ட் கார்டு நகரம்'னு பட்டம் கொடுத்திருக்காம்.

எனக்குக் கடலோரக் காவல்படைன்னா பேப்பர்ல ராமேஸ்வரம் மீனவர் செய்திக்கு நடுவுல வர்ற ஒரு வார்த்தை. அதுக்கு மேல எதுவும் தெரியாது. அதுக்கு ஒரு திருவிழாவான்னு நினைச்சுக்கிட்டேன்.

ரூம்மேட் தண்ணியில இறங்கிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது (இன்ஜினியரிங் காலேஜ்ல அதையும் சொல்லித் தரலை). நிழலா ஒரு பெஞ்ச் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்துல மூணு தாத்தாக்கள். தலையில தொப்பி, தொப்பியில கப்பல் பேர். மூணு பேரும் சுத்தின கொசுவத்தி இருக்கே, அப்பப்பா! கப்பலைப் பத்திப் பேசறப்போ ஏதோ செத்துப்போன அத்தையைப் பத்திப் பேசற மாதிரியே பேசறாங்க. எந்த இன்ஜின் எப்படி இருமும், சமையல்கட்டுல எந்தப் பலகை ஆடும், எல்லாம் ஞாபகம் இருக்கு. ரொம்ப நேரம் ஒட்டுக் கேட்டுட்டு, மரியாதைக்கு ஏதாவது கேட்கணுமேன்னு வாயைத் திறந்தேன். "நீங்க எல்லாரும் நேவியா?"

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. வாழ்க்கை முழுக்க இதே கேள்வியாம். இல்லை, கோஸ்ட் கார்டுன்னு சொன்னா, "ஓ, அப்ப நீங்க சண்டைக்குப் போகலை"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம்.

அதுல ரெண்டு பேர் வியட்நாம் போனவங்க. 1965ல தொடங்கி 82 அடி நீளப் படகுகள் 26ஐ கோஸ்ட் கார்டு அங்க அனுப்புச்சு. கரையோரமா சுத்தி, வடக்கேயிருந்து ஆயுதம் கடத்துற படகுகளைப் பிடிக்கிறதுதான் வேலை. அந்தப் போர்ல சுமார் 8,000 கோஸ்ட் கார்டு ஆட்கள் வேலை பார்த்திருக்காங்க. செத்தவங்க 7 பேர். அதுல 2 பேர் செத்தது சொந்த நாட்டு விமானங்களாலே. 1966 ஆகஸ்ட் 11 அதிகாலை, 'பாயிண்ட் வெல்கம்'ங்கிற படகை எதிரிப் படகுன்னு நினைச்சு அமெரிக்க விமானப்படையே சுட்டுத் தள்ளியிருக்கு.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் துப்பாக்கி, குண்டு பத்தி ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி பகலா மீன்பிடிப் படகுகளை நிறுத்தி நிறுத்தி சோதனை போட்டதைப் பத்திதான் பேசினார். ஏறிப் பார்த்தா வலை, மீன், அரிசி, அழுத குழந்தைங்க. அந்த முகங்கள்தான் இன்னும் ஞாபகத்துக்கு வருதாம். காப்பாத்தணும்னுதான் இந்த வேலைக்கு வந்தேன், என்னைப் பார்த்து ஜனங்க நடுங்கினாங்கன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. எங்க ஊர்ப் பக்கப் படகுகள் ஞாபகம் வந்தது.

அப்புறம் மூணாவது தாத்தா கையைப் பிடிச்சு எழுப்பி பக்கத்துல இருந்த பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு கப்பலோட பாய்மரக் கம்பம் மாதிரி ஒண்ணு நட்டு வெச்சிருக்காங்க, ஒரு உயிர்காப்புப் படகும் இருக்கு. 'எஸ்கனாபா'. அவர் பிறக்கறதுக்கு முன்னாடியே மூழ்கின கப்பல். ஆனா அவர் சொன்ன விதம், நேத்து பார்த்துட்டு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் இதையேதான் படிச்சேன். (ஆணி கெட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.)

எஸ்கனாபா 165 அடிக் கப்பல், 1932ல தண்ணியில விட்டாங்க. இந்த ஊர்தான் அதுக்கு வீடு. குளிர்காலத்துல ஏரிப் பனிக்கட்டியை உடைக்கும், கோடையில மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்தும். போர் வந்ததும் 1941 நவம்பர்ல கோஸ்ட் கார்டு மொத்தமும் கடற்படைக்குக் கீழ போயிடுச்சு. எஸ்கனாபா ஏரியை விட்டு அட்லாண்டிக்குக்குப் போச்சு. கிரீன்லாந்து பக்கம் சரக்குக் கப்பல்களுக்குக் காவல்.

1943 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்குல, 900 பேருக்கு மேல ஏத்திக்கிட்டு கிரீன்லாந்து போன 'டார்செஸ்டர்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சுது. தங்களோட லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடுத்துட்டுக் கப்பலோட போன நாலு மதகுருக்கள் கதை கேள்விப்பட்டிருப்பீங்க, அதே கப்பல்தான். நான் சொல்ல வந்தது தண்ணியில விழுந்தவங்களைப் பத்தி. உறையற நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துட்ட தண்ணி. கொஞ்ச நேரத்துலயே கை மரத்துடும். மேலேயிருந்து கயிறு போட்டாலும், வலை தொங்க விட்டாலும் பிடிச்சு ஏற முடியாது. பக்கத்துலயே கப்பல் நிக்கும், கயிறு கையில உரசும், ஆனா சாவாங்க.

எஸ்கனாபாவோட ரெண்டாவது அதிகாரி, ராபர்ட் பிராஸ்னு ஒருத்தர். முந்தின வருஷமே இதைப் பார்த்து நொந்து போய் ஒரு வழி யோசிச்சு வெச்சிருந்தார். கயிறு அவங்ககிட்ட போனா போதாது, ஆளே போகணும். ரப்பர் உடுப்பு போட்ட ஒருத்தனை இடுப்புல கயிறு கட்டிக் கடல்ல இறக்கறது. அவன் நீந்திப் போய் மிதக்கறவங்களுக்குக் கயிறு கட்டுவான், மேல இருக்கிறவங்க இழுப்பாங்க. கேட்க எவ்ளோ சிம்பிளா இருக்கு! நீர்மூழ்கி சுத்திக்கிட்டு இருக்கிற கடல்ல, இருட்டுல, கப்பலை நிறுத்தி வெச்சுக்கிட்டு இதைச் செய்யணும்.

செஞ்சாங்க. முக்கியமா மூணு பேர் இறங்கினாங்க. ரிச்சர்ட் அர்ரிகி, இளம் அதிகாரி. ஃபாரஸ்ட் ரெட்னர், கப்பலோட சமையல்காரர். வாரன் டேயாம்பர்ட், அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுற வேலையில இருந்த கறுப்பினத்தவர் (அன்னிக்கு அவங்களுக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான் கொடுப்பாங்க). சமையல்காரர் ரெட்னர் மட்டும் 33 பேரைக் காப்பாத்த உதவினார்னு பதிவு இருக்கு. என்னை உலுக்கின விஷயம் வேற. செத்துட்டாங்கன்னு தோணினவங்களையும் விடாம மேலே ஏத்தினாங்க. அப்படி ஏத்தின 50 பேர்ல நிஜமாவே செத்திருந்தவங்க 12 பேர்தான். மிச்சப் பேருக்கு உயிர் இருந்தது! எஸ்கனாபா மொத்தம் 130க்கும் மேற்பட்டவங்களை மீட்டுச்சு.

கூட இருந்த இன்னொரு கப்பல் 'கமான்சி'. அதுலயும் சார்லஸ் டேவிட்னு ஒரு கறுப்பினப் பரிமாறுபவர் திரும்பத் திரும்பத் தண்ணியில இறங்கினார். குளிர் தாங்காம விழுந்த தன்னோட அதிகாரியையும் தூக்கிக் கொண்டு வந்தார். அப்புறம் சில வாரத்துல நிமோனியாவுல செத்துப் போனார். அவரோட ஒரே கப்பல்ல இருந்த ரிச்சர்ட் ஸ்வான்சன் பல வருஷம் கழிச்சு வயசான காலத்துல நினைவுகூர்ந்தப்போ, டேவிட் மவுத் ஆர்கன் வாசிப்பார், நான் சாக்ஸஃபோன் வாசிப்பேன்னு சொல்லியிருக்கார். பெஞ்ச் தாத்தாக்களும் இப்படித்தான். கேட்டது போர், சொன்னது பாட்டும் சமையல்கட்டும்.

நாலு மாசம் கழிச்சு, 1943 ஜூன் 13, விடிகாலை அஞ்சு மணி. எஸ்கனாபா இன்னொரு கப்பல் கூட்டத்துக்குக் காவலா கிரீன்லாந்துல இருந்து திரும்பிக்கிட்டு இருந்தது. திடீர்னு ஒரு தீப்பிழம்பு, புகை. மூணே நிமிஷத்துல கப்பல் காணோம். உதவி கேட்டு ஒரு சிக்னல்கூட வரலை. டார்பிடோவா, கண்ணிவெடியா, உள்ளேயே வெடிச்சதா, இன்னிக்கு வரைக்கும் முடிவாகலை. நூறு பேருக்கு மேல இருந்த கப்பல்ல பிழைச்சவங்க ரெண்டே பேர், மெல்வின் பால்ட்வின், ரேமண்ட் ஓ'மாலி. நினைவு தப்பிட்டாங்க, ஆனா நனைஞ்ச துணி உறைஞ்சு போய், மிதந்துக்கிட்டு இருந்த ஒரு கட்டையோட ஒட்டிக்கிச்சு. அதனால மூழ்கலை. குளிர்தான் மத்தவங்களைக் கொன்னது, குளிர்தான் இவங்களைப் பிடிச்சு வெச்சிருந்தது. பிராஸோட உடல் மட்டும் கிடைச்சது. அர்ரிகி, ரெட்னர், டேயாம்பர்ட் மூணு பேரும் திரும்பலை.

கயிறு கட்டிக்கிட்டுக் குதிக்கத் தெரிஞ்ச ஆட்கள் எல்லாரும் அந்தக் கப்பல்லயே இருந்தாங்க. இதைப் படிச்ச ராத்திரி தூக்கம் வரலை.

கிராண்ட் ஹேவன் சின்ன ஊருதான், ஆனா புது எஸ்கனாபா கட்டணும்னு போர்ப் பத்திரம் வித்தே பத்து லட்சம் டாலருக்கு மேல திரட்டினாங்க. 1946ல அந்தப் பேர்ல ரெண்டாவது கப்பல் சேவைக்கு வந்தது, 1987ல மூணாவது. அந்த மூணாவதை இதே ஊருக்குக் கொண்டு வந்துதான் சேவையில சேர்த்தாங்க. ரெட்னர், டேவிட், டேயாம்பர்ட் பேர்லயும் இப்போ கப்பல் இருக்கு. கடைசியா மிஞ்சியிருந்த ஓ'மாலி 2007ல காலமானார்.

சாயந்திரம் ஆயிடுச்சு. ரூம்மேட் சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து, போலாமாடான்னு நின்னான். கிளம்பறதுக்கு முன்னாடி வியட்நாம் தாத்தாகிட்ட ஒண்ணு கேட்டேன். உங்களுக்கு இந்த ஊரும் இல்லை, எஸ்கனாபாவுல சொந்தக்காரங்களும் இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் வருஷா வருஷம் இவ்ளோ தூரம் வர்றீங்க?

தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டார். "இந்த ஊர்லதான் இதைப் பார்த்து நேவியான்னு யாரும் கேட்கறதில்லை. இன்னிக்கு நீ ஒருத்தன்தான் கேட்டே."