தபான் மரப்பால் முதல் கண்ணாடி இழை வரை

ஒரு காலத்தில் ஊரிலிருந்து ஒரு சேதி வர வேண்டுமென்றால் கப்பல்தான் வர வேண்டும். இன்றோ சென்னையில் பேசுவது மறு விநாடியே கிள்ளானில் கேட்கிறது. அந்தப் பேச்சைச் சுமந்து வருவது கடலுக்கடியில் கிடக்கும் மயிரிழை போன்ற கண்ணாடி நூல். செய்தி கடல் கடந்த இந்த வரலாற்றுக்கு நம் மலாயா மண்ணிலும் ஒரு வேர் உண்டு. பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் அதை அறிந்துகொள்வது நல்லது.

நாம் ரப்பரைக் 'கித்தா' என்கிறோமே, அது மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல். ரப்பர் மரம் இங்கே வருவதற்கு முன்பே நம் காடுகளில் தபான் என்றொரு மரம் இருந்தது. அதன் பால் ஆறினால் கட்டியாக இறுகும். வெந்நீரில் போட்டால் இளகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி போட்டார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843-இல் அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். 'கட்டாபெர்ச்சா' என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் மின்சாரத்தைக் கசிய விடாது, கடல் நீரிலும் கெடாது. அப்புறம் என்ன? செப்புக் கம்பியின்மேல் அதைப் பூசிக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட ஆரம்பித்தார்கள். 1866-இல் அட்லாண்டிக் கடலைத் தந்தி நிலையாகக் கடந்தது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரைக்கும் கம்பி வந்து சேர்ந்தது.

நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடல்தான். ஆனால் அந்தக் கம்பி அவர்களுக்காகப் போட்டதல்ல. அது அரசாங்கத்துக்கும் வியாபாரிகளுக்கும் உழைத்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தந்தியைத் தோட்டக் கூலியாள் எங்கே தொடுவார்? இன்னொரு கொடுமையும் நடந்தது. தபான் மரத்தை நம் பால்மரம் போலச் சீவிப் பால் எடுக்கவில்லை. வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். உலகமெல்லாம் கம்பி ஓட, இங்கே மரங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன.

செப்புக் கம்பியில் மின்சாரம் போவதுபோல், ஒளியையும் ஒரு பாதையில் அனுப்பலாமா? 1841-இல் ஜெனீவா நகரில் டேனியல் கொலாடன் என்பவர் ஒரு வேடிக்கை காட்டினார். வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் வெளிச்சத்தைச் செலுத்தினார். தண்ணீர் வளைந்த பக்கமே வெளிச்சமும் போயிற்று! 1954-இல் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாரல்ட் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு ஒன்றின் வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டினார். பிற்பாடு மருத்துவர்கள் இத்தகைய இழைகளைக் கொண்டு வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

வயிற்றுக்குச் சரி, ஊர் விட்டு ஊர் அனுப்ப முடியுமா? முடியவில்லை. அன்றைய இழையில் 20 மீட்டர் போவதற்குள் ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். "கண்ணாடின்னா அப்படித்தான்" என்று பலரும் விட்டுவிட்டார்கள்.

விடாதவர் ஒருவர் இருந்தார். அவர் ஷாங்காய் நகரில் பிறந்த சார்ல்ஸ் காவ். இங்கிலாந்தில் ஹார்லோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர், 1966-இல் ஜார்ஜ் ஹாக்கமுடன் சேர்ந்து ஓர் ஆய்வுரை வெளியிட்டார். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு முதலிய அழுக்கில்தான் இருக்கிறது என்றார். கோப்பைப் பாலில் தூசி விழுந்தால் ரப்பர் ஷீட் என்னவாகும் என்று பால்மரம் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அதே கதைதான். ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும், தொலைபேசிக்கு அது உதவும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மாரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகிய மூவரும் அந்த எல்லையைத் தாண்டினார்கள். சாதாரண வெப்பநிலையிலேயே விடாமல் ஒளிவிடும் சின்னஞ்சிறு லேசர் விளக்கும் அதே 1970-இல்தான் பிறந்தது. விளக்கும் கிடைத்தது, பாதையும் கிடைத்தது! தூரம் போகப் போக மங்கும் ஒளியை இழைக்குள்ளேயே பெருக்கித் தரும் முறையை 1987-இல் டேவிட் பெய்னின் குழுவினர் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினர். எர்பியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு இழையில் கலந்ததே அதன் சூட்சுமம்.

1988-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் ஒளியிழை வடம் வேலை தொடங்கியது. ஒரே நேரத்தில் 40,000 பேச்சுகளை அது தாங்கியது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடி ஒளியிழை வடம் வந்தது. தபான் பால் பூசிய பழைய கம்பி வந்து 131 ஆண்டுகள் கழித்து! இன்றைய நல்ல இழையில் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும் தூரம் சுமார் 100 கிலோமீட்டர். 20 மீட்டர் எங்கே, 100 கிலோமீட்டர் எங்கே! சார்ல்ஸ் காவுக்கு 2009-இல், அதாவது 43 ஆண்டுகள் கழித்து, நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பழைய தந்திக் கம்பி நம் கடலைக் கடந்தும் நம் வீட்டுக்கு வரவில்லை. 2020-இல் பள்ளிகள் மூடியபோது, ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் பங்குபோட்டு, அலை கிடைக்காமல் தவித்த வீடுகள் நம்மிடையே உண்டு. கடலைக் கடந்த இழை தோட்டத்து முனையில் நின்றுவிட்டால் என்ன பயன்? ஆகவே பெற்றோர்களே, தண்ணீர், மின்சாரம் போல இதையும் உரிமையோடு கேளுங்கள். மாணவச் செல்வங்களே, "அது அப்படித்தான்" என்று ஊரே சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். நாளைய இழையைக் கண்டுபிடிக்கும் கை, இன்று நம் பள்ளி மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் கையாக ஏன் இருக்கக் கூடாது?