தூத்துக்குடி கரியமில வாயு மீட்பு ஆலை

தூத்துக்குடி கரியமில வாயு மீட்பு ஆலை என்பது நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் (கார்பன்-டை-ஆக்சைடு) பிரித்து, அதே வளாகத்தில் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்டு) தயாரிக்கப் பயன்படுத்தும் நோக்குடன் அமைக்கப்பட்ட தொழிற்கூடம் ஆகும். தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தில், கார்பன் கிளீன் சொல்யூசன்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2016 ஆம் ஆண்டு இது இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வரை வாயுவை மீட்பது இதன் திட்டம். அரசு மானியம் இன்றி அமைக்கப்பட்டமையால் உலக அளவில் பேசப்பட்டது.

பின்னணி

ஓர் ஆலையின் கழிவு வாயுவை அடுத்த ஆலைக்கு மூலப்பொருளாக்கும் முறை புதிதன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் பகுதியில் 2005 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயு குழாய்வழியே பசுமைக்குடில்களுக்குச் செல்கிறது. தூத்துக்குடியில் சூழல் அக்கறையை விட வணிகத் தேவையே முதற்காரணமாக இருந்தது. ஆலைக்குத் தடையின்றிக் கிடைக்கும் கரியமில வாயு தேவைப்பட்டது.

செயல்முறை

குளிர்விக்கப்பட்ட புகை ஒரு கோபுரத்தினுள் மேலெழும்போது, மேலிருந்து இறங்கும் கரைப்பான் கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் கரைப்பானை நீராவியால் சூடாக்க, வாயு தூய நிலையில் பிரிகிறது. கரைப்பான் மீண்டும் கோபுரத்திற்குச் செல்கிறது. செலவின் பெரும்பங்கு இந்த நீராவிக்கே ஆகிறது. எனவே குறைந்த வெப்பத்தில் வாயுவை விடுவிக்கும் கரைப்பானைக் கண்டறிவதே இத்துறையின் முதன்மைப் போட்டி. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவர் 2009 இல் தொடங்கிய கார்பன் கிளீன், தன் முறையில் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 அமெரிக்க டாலரே செலவாகும் என அறிவித்தது.

அம்மோனியா கலந்த உப்புக் கரைசலில் இவ்வாயுவைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட்டு படிகிறது. அதனைச் சூடாக்கினால் சோடா சாம்பல் கிடைக்கும். எஞ்சிய கரைசலிலிருந்து உரமாகும் அம்மோனியம் குளோரைடைப் பெறலாம். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடிக்கு இது பொருத்தமான தொழிலே.

மட்டுப்பாடுகள்

மீட்கப்பட்ட வாயு நிலையாகச் சேமிக்கப்படுவதில்லை. சோடா சாம்பலை மணலுடன் உருக்கிக் கண்ணாடி செய்கையில் அது மீண்டும் காற்றில் கலக்கிறது. இத்தேவைக்கெனத் தனியே வாயு உண்டாக்குவது தவிர்க்கப்படுகிறது என்பதே பயன். அளவும் சிறிது: 1,050 மெகாவாட் திறனுடன் அமைக்கப்பட்ட தூத்துக்குடி அனல்மின் நிலையம் முழுமையாக இயங்கினால் ஆண்டுக்குப் பல பத்து இலட்சம் டன் கரியமில வாயுவை வெளியிடக்கூடியது. அவ்வளவு வாயுவை வாங்கிப் பயன்படுத்தும் தொழில் எதுவும் அருகில் இல்லை.